பேச்சிப்பாறைக் கரையில் கூடாரம் அடிப்பவர்கள் பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில நாட்களுக்கு முன் தங்கள் நாளிதழில் பேச்சிப்பாறை அணைக்கரையில் நாலைந்து கூடாரங்கள் நிற்கும் படம் ஒன்று வந்திருந்தது. பின்னால் மலை, மலைமேல் மேகம், முன்னால் அசையாத தண்ணீர். படம் நன்றாகத்தான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். ஒருவர், காட்டுப்பக்கம் ஆளே போகக்கூடாது, போகிறவனைப் பிடித்து உள்ளே போட வேண்டும் என்கிறார். இன்னொருவர், அங்கே நல்லதாக ஒரு ரிசார்ட் கட்டினால் மாவட்டமே முன்னேறிவிடும் என்கிறார். இரண்டு பேரும் அந்தக் கரையில் ஒரு ராத்திரி படுத்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம். நான் படுத்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளமாகும். இடம் போதாமல் வெட்டுவதாக இருந்தால் நான் அமெரிக்கா போன கதையை வெட்டிக்கொள்ளுங்கள், குப்பியைப் பற்றிய பகுதியை வெட்ட வேண்டாம்.

நான் பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே தெரியாது. என் பேரன் அதை ஏதோ கப்பல் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தான். காலையில் அளவுகோலைப் பார்த்து அணையில் எத்தனை அடி தண்ணீர் என்று எழுத வேண்டும். உத்தரவு வந்தால் ஷட்டரைத் திருக வேண்டும். பாசனச் சானல் கரையில் உடைப்பு இருக்கிறதா, எவனாவது மடையில் கல்லைத் தூக்கி வைத்திருக்கிறானா என்று ராத்திரியில் நடந்து பார்க்க வேண்டும். ஜூன் 1ஆம் தேதி கன்னிப்பூ நெல்லுக்குத் தண்ணீர் திறந்தால், அடுத்த போகமான கும்பப்பூ முடிந்து பிப்ரவரி 28ஆம் தேதி அடைக்கிறவரை சொந்த வீட்டில் படுத்த ராத்திரிகள் குறைவு. ஒரு அரிக்கேன் விளக்கு, விரிக்க ஒரு சாக்கு, அட்டைப்பூச்சிக்கு உப்புப் பொட்டலம், தூக்குவாளியில் பால் விடாத கட்டன் சாயா. கேம்பிங் என்ற சொல் மலையோரத்துக்கு வருவதற்கு முன்பே அரசாங்கச் சம்பளத்தில் அதைச் செய்துகொண்டிருந்தவன் நான். ஆகவே வெட்டவெளியில் படுக்க ஆசைப்படுகிற பையன்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. கோதையாற்றுப் பக்கம் மழை விட்ட ராத்திரியில் ஆகாசத்தைப் பார்த்துப் படுத்திருந்தால் வீட்டுக்குப் போகவே தோன்றாது.

கோபம் வந்தது போன மாசி மாதம். எனக்குப் பழக்கமான காணிக்காரர் ஒருவர் (காணிகள் இந்த மலையின் பழங்குடி மக்கள்) அணையில் வள்ளம் தள்ளுகிறார். நகரத்துக்காரர்களுக்காக ஒரு வார்த்தை: அணைக்கு அக்கரையில் இருக்கும் காணிக் குடிகள் (குடியிருப்புகள்) சிலவற்றுக்கு இன்றைக்கும் வள்ளம்தான் பஸ். ரேஷன் அரிசி, கேஸ் சிலிண்டர், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, பிரசவ வலி எடுத்தவள் எல்லாம் அதில்தான் வர வேண்டும். அவர் போன் பண்ணி, "சாரே, ஒரு நடை வந்து பாருங்க. நான் சொன்னா நம்ப மாட்டீங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு வள்ளம் அடையும் கடவில் போய் நின்றேன்.

தண்ணீர் இறங்கியிருந்தது. தண்ணீர் இறங்கினால் அணைக்குள் சேறும் மணலும் பழைய மரக்குற்றிகளுமாக அகலமான கரை ஒன்று வெளியே வரும். அந்த இடத்தில்தான் முந்தின ராத்திரி கூடாரம் போட்டிருக்கிறார்கள். ஆள் யாரும் இல்லை, போய்விட்டார்கள். மூன்று கல் வைத்து மூட்டிய அடுப்பு ஏழு எண்ணினேன். ஒன்று மருத மரத்தின் வேரிலேயே மூட்டியது. மேலே சாம்பல், கையை வைத்தால் உள்ளே கனல். தீ மூட்ட விறகு கிடைக்கவில்லை போலிருக்கிறது, பக்கத்து ரப்பர் மரங்களில் பால் பிடிக்கக் கட்டியிருந்த சிரட்டைகளைப் பறித்து எரித்திருக்கிறார்கள். பாதி எரிந்த சிரட்டைகள் கிடந்தன. மறுநாள் விடியும் முன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வருகிற பால்வெட்டுக்காரி மரத்தில் சிரட்டை இல்லாமல் என்ன செய்வாள்? பிரியாணி பொதிந்த அலுமினியத் தாள், கோழி மசாலா கவர், குழந்தைக்குக் கட்டுகிற டயப்பர் (குழந்தையோடும் வந்திருக்கிறார்கள்!), அப்புறம் மதுக்குப்பி. நாங்கள் இரண்டு பேரும் பொறுக்கியது மூன்று சாக்கு. முழுக்குப்பி மட்டும் 112. உடைந்ததை எண்ணவில்லை.

அதற்கு முந்தின வியாழக்கிழமை, வள்ளத்திலிருந்து இறங்கிய ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் உள்ளங்காலில் குப்பிச் சில்லு ஏறியிருக்கிறது. இறங்குகிற இடத்தில் கணுக்கால் புதையும் சேறு. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் எல்லோரும் இறங்குவார்கள். நாலு தையல். பத்து நாள் பள்ளிக்கூடம் இல்லை. வள்ளக்காரரின் தங்கை மகள் அவள். அவர் என்னைக் கூப்பிட்டது குப்பையைக் காட்ட அல்ல என்று அப்போதுதான் விளங்கியது.

சரி, அமெரிக்காக் கதைக்கு வருகிறேன். நம் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு நர்ஸ் இருக்கிறார்கள், என் மகளும் நர்ஸ். லாஸ் வேகாஸில் இருக்கிறாள். 2022 கோடையில் நானும் என் மனைவியும் போயிருந்தோம். அந்த ஊர் பெயரைச் சொன்னால் எல்லோரும் சூதாட்டம்தானே என்று கேட்கிறார்கள். எனக்கு அங்கே பார்க்க வேண்டியிருந்தது ஹூவர் அணை ஒன்றுதான். 726 அடி உயரம், 1935இல் திறந்தது. நம் பேச்சிப்பாறை 1906இல் கட்டி முடித்தது. திருவிதாங்கூர் மூலம் திருநாள் மகாராஜா காலத்தில், மிஞ்சின் என்ற எஞ்சினியர் கட்டியது. அவரது கல்லறையும் அணைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நமது அளவுகோலில் உச்சம் 48 அடி. "உயரத்தில் நீ பெரியவன், வயதில் நான் மூத்தவன்" என்று அந்த அணையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேன். மருமகன் சிரித்தார்.

அணைக்குப் பின்னால் மீட் ஏரி. லாஸ் வேகாஸ் குடிக்கிற தண்ணீரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அதிலிருந்துதான் போகிறது. நான் போன கோடையில், 1930களில் அந்த ஏரி நிரம்பத் தொடங்கியதற்குப் பிறகு மட்டம் அவ்வளவு தாழ்ந்ததே கிடையாது. பாறையில் தண்ணீர் நின்று இறங்கிய வெள்ளைக்கோடு. சுசீந்திரம் கோபுரம் 134 அடி. அதைக் கொண்டுபோய் அங்கே தண்ணீர் ஓரத்தில் நிறுத்தினாலும் கோடு கோபுரக் கலசத்துக்கு மேலே நிற்கும். அளவுகோல் பார்த்தே வயதான எனக்கு அதைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. படகுத்துறைகள் தண்ணீரை எட்டாமல் மண்ணில் நின்றன.

அந்தக் கரையிலும், ஊருக்கு மேற்கே உள்ள ஸ்பிரிங் மலையிலும் மகள் குடும்பம் கூடாரம் போட்டுத் தங்குவது வழக்கம். எங்களையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த மலையின் உச்சி 11,900 அடிக்கும் மேல். கீழே ஊரில் அடுப்புக்குள் தலையை விட்டதுபோல் வெயில், மேலே கம்பளி வேண்டும். நான் எதிர்பார்த்துப் போனது குழாய், கக்கூஸ், வாட்ச்மேன் எல்லாம் உள்ள இடம். போய்ப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. மண் ரோட்டில் கொஞ்ச தூரம் போய், பைன் மரத்தடியில் முன்பே யாரோ தங்கித் தங்கிப் புல் தேய்ந்த ஒரு திட்டில் வண்டியை நிறுத்தி, "இதுதான்ப்பா" என்றாள். கூரை இல்லை, தண்ணீர் இல்லை, குப்பைத்தொட்டி இல்லை, கட்டணமும் இல்லை. அரசாங்கக் காட்டில் இப்படி ஆங்காங்கே சிதறித் தங்கிக்கொள்ளலாமாம். டிஸ்பர்ஸ்டு கேம்பிங் என்று அதற்குப் பெயர். பெரும்பாலான இடங்களில் 14 நாளுக்கு மேல் தங்கக்கூடாது.

ஒன்றும் இல்லாத இடத்தில் கட்டுப்பாடு மட்டும் நிறைய இருந்தது. புதிதாகப் புல்லை மிதித்துத் திட்டு உண்டாக்கக்கூடாது, இருக்கிற திட்டில்தான் தங்க வேண்டும். ஓடையோ ஏரியோ எதுவானாலும் தண்ணீரிலிருந்து 200 அடி தள்ளித்தான் கூடாரம். மருமகன் காலடி வைத்து எண்ணினார். நான் மனதுக்குள் மூன்று சங்கிலி என்று கணக்குப் போட்டேன். சர்வே சங்கிலி 66 அடி, மூன்று போட்டால் 198, ஏறக்குறைய சரியாக வரும். தண்ணீர்ப் பக்கத்தில் படுத்தால்தானே சுகம் என்று கேட்டேன். ராத்திரி மிருகம் தண்ணீர் குடிக்க வரும், நாம் வழியில் கிடந்தால் அது தாகத்தோடு திரும்பிவிடும் என்றாள் மகள். பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீரையும் அந்த மூன்று சங்கிலிக்கு அப்பால்தான் மண்ணில் ஊற்ற வேண்டும்.

அடுத்தது சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டியதே அதுதான். காலையில் மகள் என் கையில் கைப்பிடி அளவு மம்பட்டி ஒன்றைக் கொடுத்தாள். ஆறு அங்குலத்துக்குக் குறையாமல் குழி தோண்டி, காரியம் முடிந்ததும் மூடிவிட வேண்டும். துடைத்த காகிதத்தைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஏரிக்கரையில் தங்கியபோது அந்தக் குழியும் கிடையாது. பாலைவன மண்ணில் எதுவும் மக்காது என்று, உள்ளே ஏதோ பொடி போட்ட பை ஒன்றைக் கொடுத்து, எல்லாவற்றையும் அதில்தான் என்றாள். என் மனைவி பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இதுக்கா பிளேன் ஏறி வந்தோம்? இதை நம்ம விளையிலேயே செய்திருக்கலாமே" என்றாள். மூன்று நாள் வண்டியின் பின்புறத்தில் அந்தப் பைகளும் எங்களோடு பயணம் செய்தன. நான் சொல்ல வருவது இதுதான்: அந்த ஊர்க்காரன் காட்டை இலவசமாகத் திறந்து விட்டிருக்கிறான் என்று நம் பையன்கள் வீடியோவில் பார்க்கிறார்கள். அந்தப் பை வீடியோவில் வருவதில்லை.

தீயும் அப்படித்தான். கோடையில் அங்கே விறகுத் தீ கூடாது. திருகி அணைக்கிற கேஸ் அடுப்பில்தான் சாயா போட்டோம். 2013 ஜூலையில் இடி விழுந்து பற்றிய தீ அந்த மலையில் 27,000 ஏக்கருக்கு மேல் எரித்திருக்கிறது. வருடங்கள் கழிந்தும் கரி நின்ற மரங்களை மகள் காட்டினாள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2018 மார்ச் 11, தேனி மாவட்டத்துக் குரங்கணிக் காட்டுத்தீ. மலையேறப் போனவர்களில் 23 உயிர் போயிற்று. அதற்குப் பிறகுதான் நம் மாநிலத்தில் மலையேற்றத்துக்கு விதிகளே வந்தன. பேச்சிப்பாறைப் பக்கம் அந்த மாதங்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ரப்பர் மரம் தை, மாசியில் இலை உதிர்க்கும். தோட்டத்துக்குள் நடந்தால் கால் சருகில் புதையும். அந்தச் சருகு ஓரத்தில், காற்று மலையிலிருந்து இறங்குகிற ராத்திரியில், மூன்று கல் வைத்துத் தீ மூட்டி பாட்டுப் போடுகிறார்கள்.

அமெரிக்காவில் நான் பார்த்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த மலையின் பார்வையாளர் மையத்தில் ஏழு பெரிய கற்களை நிறுத்தியிருக்கிறார்கள். தென் பையூட் என்ற பூர்வகுடி மக்களின் ஏழு பிரிவுகளுக்கு ஒவ்வொரு கல். அந்த மலையிலிருந்துதான் தங்கள் இனமே தோன்றியது என்பது அவர்கள் நம்பிக்கை. அந்தக் கல்லின் முன்னால் நின்றபோது எனக்கு ஒன்று உறைத்தது. "யாரும் இல்லாத இடம், எங்கே வேண்டுமானாலும் கூடாரம் போடு" என்று ஒரு அரசாங்கம் சொல்ல முடிகிறது என்றால், அங்கே முன்பு இருந்தவர்கள் எங்கே போனார்கள்? பைன் மரத்தடியில் நாங்கள் படுத்த மூன்று ராத்திரியும் ஒரு மனிதர்கூட வந்து யார் நீங்கள் என்று கேட்கவில்லை. அதைச் சுதந்திரம் என்று என் பேரன் சொல்கிறான். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

நம் கரை அப்படி இல்லை. அங்கே ஆள் இருக்கிறார்கள். மோதிரமலை, தச்சமலை, கோதையாறு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் காணிக் குடி இருக்கிறது, குடியின் தலைவரான மூட்டுக்காணி இருக்கிறார், அவர்கள் சாமி இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் அந்தக் கரையைப் போட்டு "யாருக்கும் தெரியாத இடம்" என்று எழுதி, கீழே வழியும் கொடுத்திருக்கிறார் ஒரு தம்பி. யாருக்குத் தெரியாது? அந்த வீடியோவில் பின்னால் புகை தெரிகிறதே, அது மூடுபனி என்று நினைத்துவிட்டார். அது ஒரு வீட்டு அடுப்பு, மரச்சீனிக் கிழங்கு வேகிறது.

காட்டில் படுப்பதைப் பற்றி அந்த மக்களுக்குத் தெரிந்தது நம் யாருக்கும் தெரியாது. ராத்திரி விளைச்சலைக் காவல் காக்க அவர்கள் மரத்தின்மேல் ஏறுமாடம் கட்டுவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஏறுமாடத்தில் தூங்கியிருக்கிறேன். கீழே ஆனை வந்து வாழையை முறிக்கிற சத்தம் கேட்டும் கேட்காமல், பெரியவர் ஒருவர் என் வாயைப் பொத்திக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார். ஆனை வருகிற பாதையில் தரையில் படுக்கிற முட்டாள்தனத்தை எந்தக் காணிக்காரரும் செய்ய மாட்டார். கோடையில் மேலே ஓடை வற்றினால் ஆனைக்கும் அணைத் தண்ணீர்தான். பங்குனி, சித்திரையில் சக்கை (பலா) பழுத்தால் குடிக்குப் பக்கத்திலேயே வரும். 2023இல் கம்பம் பக்கம் பிடித்த அரிக்கொம்பன் என்ற ஆனையைக் கொண்டுவந்து விட்டது மேல்கோதையாற்றுப் பக்கம் என்பதைப் பேப்பர் படிக்கிற எல்லோரும் அறிவார்கள். அதே வருடம் சிற்றாறு ரப்பர் தோட்டத்துப் பக்கம் புலி ஆடுகளை அடித்துக்கொண்டிருந்தது. இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் கரையோரத்தில் கோழி சுடுகிறார்களா?

ஆனையைவிட எனக்குப் பயம் தண்ணீர். இதை ஒரு லஸ்கர் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள். அணைக்கரை என்பது கடற்கரை மாதிரி ஒரு இடத்தில் நிற்கிற கரை இல்லை. கீழே வானம் தெளிவாக இருக்கும், மேலே முத்துக்குழிவயல் பக்கம் கொட்டிக்கொண்டிருக்கும். மின்நிலையத்திலிருந்து வருகிற தண்ணீர் தனி. ஒரு ஐப்பசியில், சாயங்காலம் நான் எழுதிவைத்த கணக்குக்கும் விடியக்காலம் பார்த்த கணக்குக்கும் இரண்டடிக்குமேல் வித்தியாசம். இரண்டடிதானே என்று தோன்றும். அளவுகோலில் அது இரண்டடி. சாய்ந்து கிடக்கிற கரையில் இருபது, முப்பது அடி உள்ளே ஏறிவிடும். அன்று ராத்திரி மீன் பிடிக்க வந்து மணல்திட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஆறு பேரை, நானும் இன்னொரு லஸ்கரும் அரிக்கேனோடு போய் எழுப்பிக் கரையேற்றினோம். எழுப்பியபோது ஒருவரின் பாய் நனைந்துவிட்டது, அவர் தூக்கத்தில் எங்களைத் திட்டினார். இப்போது லஸ்கர்கள் எண்ணிக்கை குறைந்துவிட்டது. ஜிப் போட்டு மூடிய கூடாரத்துக்குள், காதில் பாட்டு மாட்டிக்கொண்டு தூங்குகிறவனை யார் போய் எழுப்புவது?

சட்டம் இருக்கிறது. மாவட்டத்துக் காட்டில் பெரும்பகுதி, ஏறக்குறைய 402 சதுர கிலோமீட்டர், வன உயிரினச் சரணாலயம். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம், தங்குவது அதற்கு மேல். தீ மூட்டினால் அது தனிக் குற்றம். சட்டம் போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பலகையும் வைத்திருக்கிறார்கள். நான் போன அன்று அந்தப் பலகையின் காலில்தான் ஒரு கூடாரத்தின் கயிறு கட்டிய முடிச்சு மிச்சம் இருந்தது. பொறுக்கிய மூன்று சாக்கையும் பற்றி ஒரு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். "இது எங்கள் எல்லை இல்லை" என்று இன்னொரு அலுவலகத்தைக் காட்டினார்கள். அங்கே போனேன். முதல் அலுவலகத்தையே காட்டினார்கள். பணியில் இருந்தபோது நானும் பலரை இப்படி அலைக்கழித்திருப்பேன், அதனால் அதிகம் பேசவில்லை.

தடை என்று சொன்னால் தடை நடக்காது, அதைப் பார்த்தாயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் பைக்கில் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடுகிற பையனை எந்தப் பலகையும் நிறுத்தாது. ரிசார்ட் யோசனை அதைவிட மோசம். ராத்திரி முழுவதும் விளக்கு, ஜெனரேட்டர், நீச்சல்குளம். அணைக்கரையில் எதற்கு நீச்சல்குளம் என்று கேட்கக்கூடாது, அப்படித்தான் கட்டுவார்கள். கழிவுத் தண்ணீர் எங்கே போகும்? பேச்சிப்பாறைத் தண்ணீர் வயலுக்கு மட்டும் போகவில்லை, கூட்டுக் குடிநீராகவும் போகிறது. நாம் குடிக்கிறோம்.

அரசாங்கம் நினைத்தால் ஒழுங்காகச் செய்ய முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலைப்பாதைகளைப் பதிவு முறையில் திறந்தது. முன்கூட்டியே பெயர் கொடுத்து, பணம் கட்டி, உள்ளூர் வழிகாட்டியோடு போக வேண்டும். வழிகாட்டிகளில் பலர் மலைவாழ் இளைஞர்கள். தீப்பிடிக்கும் காலத்தில் பாதையை மூடிவிடுகிறார்கள். ஆனால் அது பகலில் போய்ப் பகலில் திரும்புகிற ஏற்பாடு. ராத்திரி தங்க ஆசைப்படுகிறவனுக்கு நேர்வழி எதுவும் இல்லை. அதனால்தான் குறுக்குவழியில் வருகிறான்.

ஆகவே என் யோசனை இது. சரணாலயத்துக்கு வெளியே, வெள்ளம் ஏறாத மேட்டில், ஒரே ஒரு இடத்தைக் காட்டுங்கள். அணைக்குக் கீழே அப்படிப்பட்ட மேடு எங்கே இருக்கிறது, எந்த மட்டத்துக்குத் தண்ணீர் வராது என்று கேட்டால் நானும் என்னைப்போல் நாலு பழைய லஸ்கர்களும் வந்து கல் நட்டுத் தருவோம், பயணப்படி வேண்டாம், சாயா போதும். அந்த இடத்தில் எதையும் கட்டாதீர்கள். விளக்கு வேண்டாம், காங்கிரீட் குடில் வேண்டாம், செல்பி எடுக்க 'ஐ லவ் பேச்சிப்பாறை' என்ற எழுத்தும் வேண்டாம். தண்ணீரிலிருந்து மூன்று சங்கிலி தள்ளி பத்துக் கூடாரத்துக்குத் திட்டு, அவ்வளவுதான். கக்கூஸ் மட்டும் இரண்டு கட்டத்தான் வேண்டும். நம் ஜனத்தொகைக்கு மம்பட்டி முறை ஒத்துவராது, ஒரு மாதத்தில் தோண்டின இடத்தையே தோண்ட வேண்டி வரும். தை முதல் இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) வரை விறகுத் தீ கூடாது. மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறும் நாட்களில் முழுவதுமே மூடிவிட வேண்டும்.

அதை நடத்துகிற பொறுப்பையும் பணத்தையும் குடிகளிடம் கொடுங்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், தங்கள் பகுதிக் காட்டையும் நீர்நிலையையும் பாதுகாக்கிற அதிகாரத்தை கிராம சபைக்குக் கொடுத்திருக்கிறது. காகிதத்தில் இருப்பதை ஒரு தடவை கையில் கொடுத்துப் பாருங்கள். வருகிறவன் குடிக்கு வந்து பெயர் எழுதிவிட்டுப் போகட்டும். ஒரு மனிதரின் முற்றத்தில் பாய் விரிக்கும் முன் வீட்டுக்காரரிடம் கேட்பது நம் ஊரில் புதுப் பழக்கமா என்ன? இத்தனை பேருக்கு மேல் வேண்டாம், இந்த வாரம் எங்கள் சாமிக்குக் கொடை விழா, யாரும் வர வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அதுதான் கடைசி வார்த்தையாக இருக்க வேண்டும். ஒருவேளை அவர்கள் கூடி, ஒருத்தரும் வேண்டாம் என்றே முடிவு செய்யலாம். வள்ளக்காரர் என்னிடம் அப்படித்தான் சொன்னார். அவர் மருமகளோ, இருநூறு ரூபாய் சோற்றுக் காசு வந்தால் என்ன கெட்டுப்போயிற்று, மரச்சீனியும் கருவாட்டுக் குழம்பும் நான் வைத்துத் தருவேன் என்றாள். இருவரும் என் முன்னாலேயே சண்டை போட்டார்கள். அந்தச் சண்டை கிராம சபையில் நடக்கட்டும். அவர்கள் இல்லாத ஒரு அறையில், யாரோ ஒரு கன்சல்டன்ட் படம் போட்டுக் காட்டி முடிவு செய்ய வேண்டாம்.

குப்பி விஷயம். மதுக்குப்பியைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்ற திட்டம் நீலகிரியில் 2022இல் தொடங்கியது. காட்டில் குப்பி உடைந்தால் ஆனையின் காலில் ஏறும் என்பதற்காகத்தான் அதை நீதிமன்றம் கேட்டது. மலையோரத்துக்குப் போகும் வழியில் சோதனைச்சாவடியிலேயே குப்பியை எண்ணி எழுதி, திரும்பும்போது எண்ணிப் பார்க்கலாம். ஒரு குப்பிக்கு 10 அல்ல, 100 ரூபாய் பிடித்து வைத்தால் ஒன்றுகூடக் கரையில் கிடக்காது. குடிக்காமல் வர வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். நாற்பது வருடம் சானல் கரையில் ராத்திரி மனிதர்களைப் பார்த்தவன், அந்த அளவுக்கு ஆசைப்பட மாட்டேன்.

அந்தப் பிள்ளையின் காலில் தையல் பிரித்தாயிற்று. ஆனால் இப்போது வள்ளத்திலிருந்து இறங்க மாட்டேன் என்கிறாளாம், மாமன் தூக்கிக் கரையில் விட வேண்டும். அவருக்கு வயது அறுபது. நாங்கள் இரண்டு பேரும் ஞாயிறுதோறும் சாக்கோடு போய்க்கொண்டிருக்கிறோம். போன வாரம் 41 குப்பி. குறைந்திருக்கிறதா, அல்லது தண்ணீர் ஏறி மூடிவிட்டதா என்று சொல்ல முடியவில்லை. தண்ணீர் மறுபடி இறங்கும்போதுதான் தெரியும்.

அந்தப் படத்தை எடுத்த தங்கள் புகைப்படக்காரர் இன்னொரு தடவை வர முடியுமா? ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குக் கடவில் இருப்போம். கூடவே கூடாரக்காரத் தம்பிகள் யாராவது வந்தாலும் சந்தோஷம், சாக்கு இருக்கிறது, கட்டன் சாயாவும் கொண்டுவருவேன். எல்லோரும் தடித்த அடியுள்ள செருப்பாகப் போட்டுக்கொண்டு வரவும். சேற்றில் இறங்கும்போதும் கழற்ற வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லஸ்கர் ஒருவர்,
பேச்சிப்பாறை, கன்னியாகுமரி மாவட்டம்.